சோவியத் சுவரொட்டியின் ஆண்டைக் கணிக்கும் முறை

தாள் கைக்கு வந்ததும் படத்தில் மயங்காமல் அடி விளிம்பைப் பாருங்கள். சோவியத் ஓவியர் திமீத்ரி மோர் 1920இல் வரைந்த ‘தொண்டனாகப் பெயர் பதிந்துவிட்டாயா?’ போன்றவை பிற்காலத்தில் திரும்பத் திரும்ப அச்சாகின. படம் பழையது என்பதால் தாளும் பழையதாகிவிடாது.

அடியில் பொடி எழுத்தில் பதிப்பகம், அச்சகம், அச்சுக்கு ஒப்பமிட்ட நாள், ‘திராஷ்’ (எத்தனை படிகள்), விலை எல்லாம் பெரும்பாலும் இருக்கும். நாளில் மாதம் பல நேரம் ரோமன் எண்ணில் வரும். அது அச்சுக்கு அனுமதி தந்த நாள், ஓவியர் வரைந்த நாளல்ல; அட்டவணையில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். தணிக்கை அமைப்பான கிளாவ்லித் 1922இல்தான் உருவானது. அதன் எண் இருந்தால் தாள் அதற்கு முந்தையதல்ல. பதிப்பகம் ‘பிளாகாத்’ என்றால் 1974 அல்லது அதற்குப் பிந்தையது. விலையை மட்டும் நம்பாதீர்கள்: 1961 நாணயச் சீர்திருத்தத்தில் பத்து ரூபிள் ஒரு ரூபிளானது, ஆனால் கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) விலை அதற்கு முன்னும் உண்டு.

விளிம்பை வெட்டிச் சட்டமிட்டிருந்தால்? அதுதான் அடிக்கடி நேர்வது. அப்போது எழுத்தைப் படியுங்கள். 1918 ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் ‘யாத்’ (ѣ) எழுத்தையும் சொல்லிறுதி வன்குறியையும் (ъ) நீக்கியது. 1919ஆம் ஆண்டுத் தாளில் அவை தென்பட்டால், பழைய முறையை விடாத வெண்படைத் தரப்பினுடையதா (உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்தவர்கள்) என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஊர்ப் பெயரும் உதவும்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் 1914 முதல் பெத்ரோகிராத், 1924 முதல் லெனின்கிராத். ‘இதைக் கிழிப்பவர் எதிர்ப்புரட்சி செய்பவர்’ என்ற எச்சரிக்கை வரி உள்நாட்டுப் போர்க்காலத் தாள்களுக்கே உரியது. மறு அச்சிலும் அது அப்படியே வரும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்து 10 மடங்கு உருப்பெருக்கி. கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) கிரேயான் துகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஆஃப்செட் மறு அச்சில் சீரான புள்ளி வரிசை தெரியும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சோவியத் ஓவியர் குளுட்ஸிஸ் ஒளிப்படத் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய சுவரொட்டிகளில் ஒளிப்படப் பகுதியில் மூலத்திலேயே புள்ளிகள் இருக்கலாம். அதனால் எழுத்துகளையும் ஒரே நிறம் பரவிய இடங்களையும் பாருங்கள்: அங்கும் புள்ளி நிறைந்திருந்தால் மறு அச்சு என்றே கருதலாம்.

சோவியத் செய்தி நிறுவனங்களான ரோஸ்தாவும் தாஸும் ஜன்னல்களில் வைக்க வெளியிட்ட சுவரொட்டிகளான ரோஸ்தா ஜன்னல்கள் (1919–1921), இரண்டாம் உலகப் போர்க்கால தாஸ் ஜன்னல்கள் இரண்டும் பெரும்பாலும் ஸ்டென்சில் வைத்துக் கையால் நிறமிட்டவை. இவற்றில் திராஷ் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிறத்தின் தடிப்பும் ஸ்டென்சில் ஓரமும் நிழலாக எழும்.