டிஎல்எஸ் இணைப்புக்கு ஓர் உறை: பைத்தானில் படிப்படியாக

சோதனை சர்வருக்காக ஒரே ஒரு நாள் என்று சொல்லி, டிஎல்எஸ் (இணைய இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் நெறிமுறை) இணைப்பில் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் சரிபார்ப்பை ஒருமுறை ஒரு வரி எழுதி நிறுத்திவைத்தோம். அந்த வரி மறுபடி கண்ணில் பட எட்டு மாதம் ஆனது. அதற்குள் நிரல் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை: சரிபார்ப்பு இல்லாத இணைப்பிலும் குறியாக்கம் நடக்கும், பதில் வரும், லாகில் ஒரு பிழையும் இருக்காது. நல்ல பூட்டாகத்தான் போட்டிருந்தோம். சாவியை வாங்கிக்கொண்டவர் யார் என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தத் தவறைச் செய்யவே முடியாதபடி ஒரு சிறிய ராப்பர், அதாவது உறை, எழுதுவதுதான் இன்றைய வேலை. பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். வெளியிலிருந்து எந்த நூலகமும் வேண்டாம். கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

படி 1: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த உறையைப் பயன்படுத்துபவர் நமக்கு என்னென்ன கொடுப்பார்? சர்வர் முகவரி, போர்ட் எண், எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்ற வரம்பு. தேவைப்பட்டால் ஒரு சான்றிதழ் கோப்பின் இடம். அவ்வளவுதான். ‘சரிபார்க்கவா, வேண்டாமா’ என்ற விருப்பம் அந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. இருந்தால் அவசரத்தில் யாராவது அணைப்பார்கள். நாங்களே அணைத்தோம்.

விருப்பங்களின் வடிவம் எவ்வளவு பெரிய வினையாகும் என்பதற்கு, இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் பயன்படும் கர்ல் நூலகத்தின் கதை போதும். சான்றிதழிலுள்ள பெயரும் சர்வர் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அமைப்புக்கு அதில் 0, 1, 2 என மூன்று மதிப்புகள் இருந்தன. சரியானது 2. ஆனால் பிஎச்பி எழுதுபவர்கள் இயல்பாக ‘ட்ரூ’ என்று கொடுத்தார்கள். ட்ரூ என்றால் 1. அந்த 1-க்குப் பொருள், ‘சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும்’. பாதுகாப்பை இயக்கிவிட்டோம் என்று நம்பியே அணைத்துவைத்திருந்தார்கள். டெக்சஸ், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் இதை வெளிப்படுத்தினார்கள். அதே ஆண்டு வந்த 7.28.1 பதிப்பு, 1 என்ற மதிப்பை ஏற்க மறுத்தது. இதில் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு கதவை வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

படி 2: கான்டெக்ஸ்ட்

கான்டெக்ஸ்ட் என்பது இணைப்புக்கான பாதுகாப்பு அமைப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் பொருள். அதை உருவாக்க, பைத்தானில் டிஎல்எஸ்ஸுக்கான எஸ்எஸ்எல் மாட்யூலில் ‘கிரியேட்_டிஃபால்ட்_கான்டெக்ஸ்ட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அதை அழைத்தாலே சான்றிதழ் சரிபார்ப்பு, பெயர்ப் பொருத்தம் இரண்டும் இயங்கத் தொடங்கிவிடும். இயங்குதளம் நம்பும் மூலச் சான்றிதழ்களும் (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிட்டு உறுதி சொல்பவை) ஏற்றப்படும். 3.10 முதல் டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே இறங்காது. ஆனாலும் ‘மினிமம்_வெர்ஷன்’ பண்பில் 1.2 என்று நானே எழுதிவைப்பேன். அடுத்து படிப்பவருக்கு நம் எண்ணம் தெரியட்டும். 1999-இல் வந்த 1.0, 2006-இல் வந்த 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிட்டாயிற்று.

பழைய பாடங்களில் எஸ்எஸ்எல் மாட்யூலிலேயே ‘ராப்_சாக்கெட்’ என்ற செயற்கூற்றை நேராக அழைத்திருப்பார்கள். அதற்குப் பெயர்ப் பொருத்தம் பார்க்கவே தெரியாது. பைத்தான் 3.12-இல் அதை நீக்கிவிட்டார்கள். நாம் பயன்படுத்தப்போவது அதே பெயரில் கான்டெக்ஸ்டுக்குள் இருக்கும் வேறொன்று, குழப்பிக்கொள்ள வேண்டாம். கான்டெக்ஸ்டை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு எல்லா இணைப்புகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

படி 3: இணைப்பு

சாக்கெட் = கிரியேட்_கனெக்‌ஷன்((முகவரி, போர்ட்), டைம்அவுட்=10)
உறை = கான்டெக்ஸ்ட்.ராப்_சாக்கெட்(சாக்கெட், சர்வர்_ஹோஸ்ட்நேம்=முகவரி)

சாக்கெட் என்பது இணைப்பில் நம் பக்கத்து முனை. முதல் வரியில் டைம்அவுட் தராவிட்டால், பதில் சொல்லாத சர்வரின் வாசலில் நம் நிரல் முடிவே இல்லாமல் நிற்கும். இரண்டாம் வரியில் முகவரியை மறுபடி தருவதற்கு இரண்டு காரணங்கள். ஒரே ஐபி எண்ணில் பல தளங்கள் இருந்தால் எதன் சான்றிதழ் வேண்டும் என்று சர்வருக்குச் சொல்ல அது வேண்டும். வந்த சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒப்பிடவும் வேண்டும். இரண்டாம் வரியை ‘ட்ரை’ பகுதிக்குள் வையுங்கள். கைகுலுக்கல், அதாவது தொடக்கத்தில் சான்றிதழைச் சரிபார்த்துச் சாவியை ஒப்புக்கொள்ளும் கட்டம், தோற்றால் சாக்கெட்டை மூடிவிட்டு, அதே பிழையை மேலே அனுப்புங்கள்.

படி 4: படிப்பதும் அனுப்புவதும்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அந்தப் பக்கம் ஒருமுறை அனுப்பினால் இந்தப் பக்கம் ஒருமுறை படித்தால் போதும் என்று நினைப்பார்கள். தன் கணினிக்குள்ளேயே சோதிக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். வெளியே போனதும் உடையும். ‘ரிசீவ்’ கட்டளையில் நீங்கள் கேட்கும் எண் மேல்வரம்பு மட்டுமே. அத்தனை பைட்டும் வரும் என்ற உறுதி இல்லை. டிஎல்எஸ்ஸில் ஒரு பதிவுக்குள் (குறியாக்கி அனுப்பும் ஒரு துண்டுக்குள்) அதிகபட்சம் 16,384 பைட்தான் அடங்கும். 20,000 பைட் செய்தி எப்படியும் இரண்டு துண்டாவது ஆகும்.

ஆகவே உறைக்குள் ‘இத்தனை_பைட்_படி’ என்று ஒரு மெதட் எழுதுங்கள். கேட்ட அளவு சேரும்வரை சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும். நடுவில் வெற்று பைட் வந்தால், கிடைத்ததைத் திருப்பித் தராமல் பிழை எழுப்ப வேண்டும். இதில் பிடிவாதமாக இருங்கள். டிஎல்எஸ்ஸில் முறைப்படி விடைபெறும் செய்தி ஒன்று உண்டு. அது வராமல் இணைப்பு அறுந்தாலும், பைத்தான் இயல்பாக அதைச் சாதாரண முடிவு போலவே காட்டும். இடையில் இருப்பவர் உங்கள் செய்தியின் வாலை வெட்டியிருந்தாலும் தெரியாது. ராப்_சாக்கெட்டில் ‘சப்ரெஸ்_ராகெட்_இஓஎஃப்ஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் அது பிழையாக வந்து நிற்கும்.

அனுப்புவதற்கு ‘சென்ட்ஆல்’. ‘சென்ட்’ வேண்டாம், அது பாதியில் நின்றாலும் நிற்கும்.

படி 5: பிழைகளுக்குப் பெயர்

உறையைப் பயன்படுத்துபவருக்கு மூன்று பிழைகள் தெரிந்தால் போதும்: சென்று சேர முடியவில்லை, அடையாளம் பொருந்தவில்லை, நடுவில் அறுந்துவிட்டது. முதலாவதற்கு மறுபடி முயலலாம். மூன்றாவதற்கு யோசித்து முயலலாம். இரண்டாவதற்கு ஒருபோதும் தானாக மறுமுயற்சி வைக்காதீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். பைத்தானில் சான்றிதழ்ப் பிழை, எஸ்எஸ்எல் பிழையின் பிள்ளை. எஸ்எஸ்எல் பிழை, ‘ஓஎஸ்எரர்’ என்பதன் பிள்ளை. ‘எக்செப்ட் ஓஎஸ்எரர்’ என்று முதலில் எழுதிவிட்டால், போலிச் சான்றிதழும் ‘நெட்வொர்க் கோளாறு’ என்ற பெயரில் லாகில் புதைந்துபோகும். பிள்ளையை முதலில் பிடியுங்கள், தாத்தாவைக் கடைசியில்.

மூடும் வேலையை ‘என்டர்’, ‘எக்சிட்’ மெதட்களில் வைத்துவிட்டால் ‘வித்’ என்று எழுதி நிம்மதியாக இருக்கலாம்.

படி 6: தோற்கிறதா என்று பாருங்கள்

நல்ல தளத்தோடு இணைந்தது எதையும் நிரூபிக்காது. இந்தச் சோதனைக்கென்றே பேட்எஸ்எஸ்எல்.காம் என்ற தளம் இருக்கிறது. அதில் ‘எக்ஸ்பையர்ட்’, ‘ராங்.ஹோஸ்ட்’, ‘செல்ஃப்-சைன்ட்’ என்ற துணைப்பெயர்களில் வேண்டுமென்றே கெட்ட சான்றிதழ்களை வைத்திருக்கிறார்கள். மூன்றோடும் 443 போர்ட்டில் இணைந்து பாருங்கள். மூன்றிலும் ‘அடையாளம் பொருந்தவில்லை’ என்ற பிழை வர வேண்டும். ஏதாவது ஒன்று இணைந்துவிட்டால் படி 2-க்குத் திரும்புங்கள்.

சரி, அலுவலகத்துக்குள் இருக்கும் சோதனை சர்வரை என்ன செய்வது? உங்களுக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அதைக் கொண்டு சர்வர் சான்றிதழில் கையொப்பமிட்டு, மூலச் சான்றிதழ் கோப்பின் இடத்தை ‘சிஏஃபைல்’ என்ற பெயரில் கிரியேட்_டிஃபால்ட்_கான்டெக்ஸ்டுக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் இயங்குதளத்தின் பட்டியல் ஏற்றப்படாது. அந்தக் கோப்பிலுள்ளதை மட்டுமே அந்தக் கான்டெக்ஸ்ட் நம்பும். எங்கள் எட்டு மாத வரி இருந்த இடத்தில் இப்போது அந்தக் கோப்பின் பாதைதான் இருக்கிறது.