ஒற்றை ரிட்பெர்க் அணுவைப் பிடித்துக் கையாளும் முறை

சென்னை தண்டையார்பேட்டையில் துறைமுகம் நோக்கிக் கண்டெய்னர் லாரி ஒன்று கடந்தாலே மேசையிலிருக்கும் டம்ளர் நீரில் வளையங்கள் எழும். ஆகவே ரிட்பெர்க் அணுவை, அதாவது புற எலக்ட்ரான் கருவிலிருந்து வெகுதூரம் விலகும்படி உயர் ஆற்றல்நிலைக்குக் கிளர்த்தப்பட்ட அணுவை, கையாள இப்பகுதியில் ஆய்வகம் அமைப்பவர், அதிர்வைத் தடுக்கும் ஒளியியல் மேசையையும், கடற்காற்றின் ஈரம் லென்ஸில் படியாத உலர்ந்த குளிரூட்டலையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

மீஉயர் வெற்றிடக் கலத்தில் ரூபிடியம் ஆவியைச் செலுத்தி, 780 நானோமீட்டர் லேசர் கற்றைகளாலும் காந்தப்புலத்தாலும் அணுக்களைக் குளிர்வித்துத் திரட்டுங்கள். ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குக் குவித்த ஒளி இடுக்கியை (அணுவைப் பிடித்துவைக்கும் லேசர் கற்றையை) அத்திரளுக்குள் பாய்ச்சினால், அதில் சிக்கும் அணுக்கள் ஒளியின் தூண்டலால் மோதி இரண்டிரண்டாக வெளியேறுவதால், சுமார் பாதி முயற்சிகளில் ஒரே ஓர் அணு எஞ்சும். கேமராவில் அது தனி ஒளிப்புள்ளியாகத் தெரிந்த பின்னரே மேலே செல்லுங்கள்.

அடுத்து 420, 1013 நானோமீட்டர் லேசர்களை ஒருசேரப் பாய்ச்சி, முதன்மைக் குவாண்டம் எண் (எலக்ட்ரானின் ஆற்றல்நிலையைக் குறிக்கும் எண்) 70 உள்ள ரிட்பெர்க் நிலைக்கு அணுவை உயர்த்தலாம். அப்போது புற எலக்ட்ரான் கருவிலிருந்து ஏறத்தாழ கால் மைக்ரோமீட்டர் விலகியிருக்கும். வழக்கமான இடுக்கி, கிளர்ந்த அணுவை விலக்கித் தள்ளும் என்பதால், கிளர்வூட்டும் சில மைக்ரோநொடிகளுக்கு இடுக்கியை அணைத்துவைக்க வேண்டும். மீண்டும் இயக்கியதும் அணு காணாமற்போனால், அது பெரும்பாலும் கிளர்ந்திருந்தது என்று பொருள்.

என் கருத்தில், மிகுந்த பொறுமையைக் கோருவது மின்புலமே. முதன்மைக் குவாண்டம் எண் இரட்டித்தால் மின்முனைவாகுதிறன் (மின்புலம் அணுவை எவ்வளவு எளிதில் பாதிக்கும் என்ற அளவு) சுமார் 128 மடங்காகும். கலத்தின் கண்ணாடியில் ஒட்டிய சிறு மின்னேற்றம்கூட ஆற்றல்நிலையை நகர்த்திவிடும் என்பதால், கலத்தைச் சுற்றி மின்முனைகளை அமைத்து, ஒவ்வொரு நாளும் சோதனைக்கு முன் அப்புலத்தை ஈடுசெய்யுங்கள்.