ஏ.வி. பாலத்தைக் கல் கல்லாகப் பதிவு செய்வது எப்படி

மேலூர்ப் பக்கம் ஒரு பழைய வாய்க்கால் பாலத்தை நாலைந்து போட்டோ எடுத்ததோடு விட்டுவிட்டேன். அடுத்த தடவை போனபோது கல் முகம் முழுக்க சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள், என்னிடம் இருந்த போட்டோ ஒன்றிலும் அளவு இல்லை. இன்னமும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மதுரையில் வைகை மேல் 1889-இல் திறந்த நம் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தை வைத்தே சொல்கிறேன், உங்கள் ஊர்ப் பாலத்துக்கும் இதே வேலைதான்.

கல் பாரம் தாங்குகிறதா, வெறும் முகமா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1935-இல் போடத் தொடங்கிய புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையில் பல பாலங்களுக்கு வெளியே கல், உள்ளே கான்கிரீட். நமக்கு இது புதிதில்லை, பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலும் இரண்டு பக்கம் கல் கட்டு, நடுவே சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த கான்கிரீட்தான். வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். முகப்பில் தெரிகிற கல் வரிசை உள்ளேயும் கல்லாகவோ செங்கல்லாகவோ தொடர்ந்து ஓடினால் அந்த வளைவுதான் பாரத்தைச் சுமக்கிறது. ஓரத்தில் ஒரு முழத்தோடு கல் நின்று, அப்புறம் கான்கிரீட் வார்க்கப் பலகை அடித்த தடம் தெரிந்தால் உள்ளே கான்கிரீட். பிற்காலத்துப் பூச்சாகவும் இருக்கலாம், எங்காவது உதிர்ந்திருக்கிற இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைகை இங்கே மேற்கிலிருந்து கிழக்கே போவதால் பாலத்தின் கிழக்கு முகத்தைக் காலையிலும் மேற்கு முகத்தை சாயங்காலமும் எடுக்க வேண்டும். சாய்வெயிலில்தான் உளித்தடம் தெரியும், உச்சிவெயிலில் எல்லாக் கல்லும் ஒன்றுபோல வெளுத்துவிடும். ஒரு மீட்டர் குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு தரம் கறுப்பும் வெள்ளையுமாக பெயின்ட் அடித்துக்கொண்டு, கிட்டத்தில் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அதைக் கல்லோடு ஒட்டி வையுங்கள். வடகரையிலிருந்து வளைவுகளுக்கு 1, 2, 3 என்று நோட்டில் நம்பர் போடுங்கள். கல்லில் சாக்பீஸ்கூட வேண்டாம்.

அளவுக்கு டேப்பும் தூக்குக்குண்டும் போதும். வளைவு தொடங்குகிற மட்டத்தில் அகலம், அங்கிருந்து உச்சிவரை உயரம், இந்த இரண்டும் இருந்தால் வட்ட வில்லாக உள்ள வளைவை வரைந்துவிடலாம்: பாதி அகலத்தின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். அகலம் 10 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்றால் 25-உம் 4-உம் சேர்ந்து 29, அதை 4-ஆல் வகுக்க 7.25 மீட்டர்.

சேதத்தைத் தனியாக எழுதுங்கள். கல் சந்தில் முளைத்த அரசஞ்செடி, உப்பு பூத்த இடம், பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் சாம்பல் நிறத்தில் தடவிய சிமென்ட், எல்லாம் எந்த வளைவில், எந்தப் பக்கம், எத்தனை அடி உயரத்தில் என்று இருக்க வேண்டும். “ஆங்காங்கே விரிசல்” என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

பழைய பொதுப்பணித்துறைக் காகிதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும். அதற்கு முன்னால் கோரிப்பாளையம் பக்கம் வயதானவர்களிடம் பேசுங்கள், எந்த வெள்ளத்தில் தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கல் எந்த வளைவில், எத்தனை அடி உயரத்தில் என்பதையும் அன்றைய தேதியையும் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். வைகை அணையில் தண்ணீர் திறக்கிற நாளில் மட்டும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள்.