தாலாட்டுக்குக் கீழே ரம்மி விளம்பரம்: இலவச ஹோஸ்டிங் தேடியபோது கற்றது

என் மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயல்காட்டிலும் திண்ணையிலும் உட்கார்ந்து அவர் எழுதி வைத்த தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் சேர்ந்து 412 பாட்டு. டிடிபி கடை வைத்திருக்கும் மருமகள் வாய்த்தால் சும்மா விடுவாரா? "இதையெல்லாம் நெட்டுல போட்டு வைம்மா" என்றார். நம் பக்கங்களை நெட்டில் வைத்துக் காட்டும் இலவச ஹோஸ்டிங் சேவை ஒன்று கண்ணில் பட்டது, அதில் ஏற்றினேன். ஒரு வாரம் கழித்துத் தன் போனை நீட்டி, "ஏம்மா, தாலாட்டுக்குக் கீழ எதுக்குச் சீட்டாட்டக்காரனை உட்கார வெச்சிருக்க?" என்று கேட்டார்.

கடைக் கம்ப்யூட்டரில் விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தேன். அதனால் ரம்மி விளம்பரம் என் கண்ணில் படவே இல்லை. எனவே எந்த ஹோஸ்டிங் ஆனாலும் முதலில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றி, வேறு யாருடைய போனிலாவது திறந்து பாருங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் கன்ட்ரோலையும் யு-வையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் சோர்ஸ் கோடு தெரியும். எனக்கு அதில் கடைசி வரிக்குக் கீழே, நான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட், அதாவது விளம்பரத்தைக் கொண்டுவரும் சின்ன நிரல், ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஏதாவது இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்து, இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பக்கங்களை வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் சும்மா ஓடாது. விளம்பரமில்லாமல் இலவச இடம் தரும் கிட்ஹப்பும் (சேவையின் பெயர் கிட்ஹப் பேஜஸ்) கிளவுட்ஃப்ளேரும் (கிளவுட்ஃப்ளேர் பேஜஸ்) கம்பெனிகளிடம் கட்டணம் வாங்குகின்றன. நம்மைப் போன்ற சின்ன தளங்கள் அவற்றுக்கு ஒரு சுமையே இல்லை. 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ், விரும்பி மாதம் 5 டாலர் கட்டுபவர்களை வைத்து மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. இப்படி ஒரு பதில் கிடைக்காத இடத்தில், காசு விளம்பரத்திலிருந்துதான் வரும்.

ஆனால் இவை மூன்றும் எழுதி முடித்த பக்கங்களை அப்படியே காட்டுகிற இடங்கள். பாட்டு, படம், ஊர் வரலாறு, கடை விவரம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். கேட்கும்போதெல்லாம் சர்வரே பக்கத்தை உருவாக்கித் தரும் பிஎச்பி, டேட்டாபேஸ் என்று போனால் விளம்பரமில்லாத இலவசம் அரிது. கிடைத்தாலும் கெடுபிடி அதிகம். வாசகர் கருத்து வாங்க வேண்டும் என்பதற்காக அந்தத் தலைவலியில் இறங்காதீர்கள், ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பு போதும்.

அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். மாதம் 100 ஜிபி வரை வாசகர்கள் இறக்கிக்கொள்ளலாம். வலைப்பக்கங்களில் வழக்கமான யுடிஎஃப்-8 யூனிகோடில் 'த' என்ற ஓர் எழுத்து 3 பைட், 'தா' என்றால் துணைக்காலுக்கும் சேர்த்து 6. அப்படியும் எங்கள் 412 பாட்டும் சேர்ந்து 2 எம்பியைத் தொடவில்லை. இடத்தைத் தின்பது ஒலிப்பதிவுதான். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்பி, நாலு நிமிடப் பாட்டு 2 எம்பி. மாதம் ஐம்பதாயிரம் தடவை கேட்டால்தான் 100 ஜிபி தீரும். அவ்வளவு பேர் கேட்டால் மாமா ஊருக்கே விருந்து வைப்பார்.

நியோசிட்டீஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரௌசரிலேயே ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் இலவசக் கணக்கில் எம்பி3 ஏற்ற விடாது, சொந்த டொமைனும், அதாவது நாமே காசு கொடுத்து வாங்கும் தள முகவரியும், வைக்க முடியாது. கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் ஒரு ஃபைல் 25 எம்பியைத் தாண்டக்கூடாது, மற்றபடி தாராளம். வியாபாரத் தளம் என்றால் கிட்ஹப் பேஜஸ் வேண்டாம், இணையக் கடை நடத்துவதற்கு அது இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் கிட்ஹப்பில் வைத்தோம். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் இலவசக் கணக்கில் உங்கள் ஃபைல்கள் எல்லோருக்கும் தெரியும், பிறகு அழித்தாலும் பழைய பதிப்பு உள்ளே தங்கிவிடும். பாடினவர்களின் போன் நம்பர் இருந்த பட்டியலை நான் வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

கையில் கொஞ்சம் காசிருந்தால் அதை டொமைனுக்குக் கொடுங்கள். ஹோஸ்டிங் மாறினாலும் முகவரி மாறாது. ஒரு காலத்தில் பெயர்பெற்ற இலவச ஹோஸ்டிங்கான ஜியோசிட்டீஸை யாஹூ 1999-இல் வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. அங்கே வீடு கட்டியவர்களின் முகவரி எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போனது. முழுத் தளமும் ஒரு ஃபோல்டராக வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். எங்கள் பென்டிரைவ் மாமாவின் அலமாரியில், அவருடைய நோட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது.

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்க ஆசை வரும். 'தாலாட்டு' என்று வைத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக 72 எழுத்து நீளத்துக்கு வால் முளைத்தது. பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள், உள்ளே தமிழ் கொஞ்சி விளையாடட்டும்.

சிற்றெழுத்து என்று சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. எல்லாம் ஏற்றி முடித்த அன்று ராத்திரி மாமா பார்த்துவிட்டு, "விளம்பரம் போச்சு, சரி. பாடின பாட்டிங்க படத்தையும் சேர்த்து எடுத்துட்டியே?" என்றார். கேமரா படங்களின் ஃபைல் பெயரில் கடைசி மூன்று எழுத்து பெரிய எழுத்தில் 'JPG'. பக்கத்தில் நான் எழுதியிருந்தது சிற்றெழுத்தில் 'jpg'. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், சர்வர் பார்க்காது, அதனால்தான் படங்கள் வரவில்லை. பெயர் மாற்றி மறுபடி ஏற்ற அரை மணி நேரம் ஆனது. மாமா தூங்கப் போகாமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.