எடை மெஷினை நம்பி ஜிம்மை விட்டுவிடாதீர்கள்

தருமபுரியில் என்னோடு ஜிம்மில் சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "இவ்ளோ கஷ்டப்பட்டும் ஒரு கிலோ ஏறிடுச்சுக்கா."

ஏறத்தான் செய்யும். புதிதாக எடை தூக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய காயம் பட்டு நீர் கோர்க்கும். பழகிவரும் தசை, கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும்; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே வரும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு ஊதுவது தனிக் கணக்கு. இது எதுவும் கொழுப்பு இல்லை. மெஷினுக்கு அது தெரியாது.

தினமும் ஏறி நிற்பதை விட்டுவிட்டு தையல் டேப்பை எடுங்கள். மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்த பிறகு, காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, இதயநோய் அபாயம் கூடும். எடை அசையாமல் சுற்றளவு குறைந்தால் சந்தோஷப்படலாம்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினும் அப்படித்தான். லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, அதிலுள்ள நீரை வைத்துக் கணக்குப் போடுகிறது. எனக்குக் காலையில் 34, சாயங்காலம் 31 காட்டியது. ஒரே நாளில் அவ்வளவு கரைந்திருந்தால் நான் ஏன் ஜிம்முக்குப் போகிறேன்?

எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோம் என்று டிரெட்மில்லை விட்டு இறங்காதவர்களும் உண்டு. தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்களைவிட நமக்கு மிகக் குறைவு, அவ்வளவு சுலபமாக உடம்பு புடைக்காது. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து தொப்பையைக் கரைக்கவும் முடியாது.

பெரிய தப்பு சாப்பாட்டில்தான் நடக்கிறது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். அப்புறம், பாவம், பழியெல்லாம் களி மேல். களி தப்பில்லை, கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம். 100 கிராம் ராகி மாவில் புரதம் 7 கிராம்தான்; களிக்குக் கீரைக் கடைசல் மட்டும் தொட்டுக்கொண்டால் பற்றாது. 60 கிலோ பெண்ணுக்குச் சாதாரணமாகவே நாளைக்கு 50 கிராம் வேண்டும், பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம். மொச்சைக் குழம்பு, கொள்ளு, 6 கிராம் புரதம் தரும் ஒரு முட்டை என்று கூடச் சேர்த்துக்கொண்டால் சரி.

மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ, சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்ததாலும் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். படியேறினாலே மூச்சு வாங்குகிறதென்றால் ரத்தசோகையாக இருக்கலாம்; புரத மாவு டப்பா வாங்குவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.