தன்னைப் புகழத் தகும் நான்கு இடங்கள்

கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவரும் கவிஞருக்கு இன்று எழுதும் வேலையோடு விற்கும் வேலையும் சேர்ந்தே வருகிறது. பெரிய பதிப்பகம் வெளியிட்டாலும், சொந்தச் செலவில் அச்சிட்டாலும், நூலைப் பற்றி வாசகரிடம் முதலில் பேச வேண்டியவர் அவரே. இவ்விரண்டையும் ஒரே நாளில், ஒரே மனநிலையில் செய்ய முடியாது என்பதை நான் மெல்லத்தான் உணர்ந்தேன். அவற்றைப் பிரித்துவைக்க நான் கற்றுக்கொண்ட வழிகளை இங்கே எழுதுகிறேன்.

வரி தோன்றும் கணத்தில் அதைக் குறித்துவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டைப்பையிலோ கைப்பையிலோ ஒரு சிறு குறிப்பேடு போதும். பேருந்தில் நின்றபடி பயணம் செய்பவர்கள் கைப்பேசியில் குரலைப் பதிந்துவைக்கலாம். தேதியைத் தவறாமல் எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்த ஒரு நேரத்தில், அந்தக் குறிப்புகளோடு மட்டும் உட்காருங்கள். எதுவும் எழ மறுக்கும் வறண்ட நாட்களுக்கு வேறு வேலை இருக்கிறது: பழைய கவிதையை வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்கும் இடத்தில் கோடிடுதல், ஒற்றுப்பிழை பார்த்தல், தேவையற்ற அடைமொழிகளை நீக்குதல், சங்கப் பாடல் ஒன்றை உரையோடு நிதானமாக வாசித்தல். என் கவிதைகளில் ஓரளவு தேறியவை பெரும்பாலும் இத்தகைய நாட்களில் திருத்தப்பட்டவையே. ஆனால் சோர்வு வாரக்கணக்கில் நீண்டு உறக்கத்தையும் பசியையும் கெடுக்குமானால், அதைக் கவிதைக்கு உரம் என்று எண்ணி வளர்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எழுதிய இரவே முகநூலில் இடுவதைத் தவிருங்கள். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். விருப்பக்குறிகளை எண்ணிப் பழகிய மனம், கைதட்டலுக்காகவே கடைசி வரியை எழுதத் தொடங்கியதைத் தொகுப்புக்காகக் கவிதைகளை ஒருசேரப் படித்தபோதுதான் கண்டேன். அவற்றில் பாதியை விலக்க வேண்டியதாயிற்று. இப்போது மூன்று மாதங்களாவது கிடப்பில் போட்ட பிறகே ஒரு கவிதையை வெளியே அனுப்புகிறேன்.

தன்னைப் பற்றிப் பேசக் கூசும் கவிஞர்களுக்கு, பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூலின் பாயிரத்தில் (முன்னுரைப் பகுதியில்) அருமையான இடம் ஒன்று இருக்கிறது. எத்தனை துறைகளில் தேர்ந்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று சொல்லும் நூல், அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளைத் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் ‘தன்னைப் புகழ்தலும் தகும்புல வோற்கே.’ பாரதி 1919இல் எட்டயபுர மன்னருக்கு அனுப்பிய சீட்டுக்கவி, அதாவது கவிதையாகவே எழுதிய கடிதம், இந்த முதல் வகையைச் சேர்ந்தது. ‘சுவைபுதிது, பொருள்புதிது, வளம்புதிது, சொற்புதிது’ என்று அவர் தம் கவிதையைப் பற்றிக் கூசாமல் சொன்னது அதில்தான்.

இந்த நான்கையும் இன்றைய அளவுகோலாகக் கொள்ளலாம். பத்திரிகை ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ எழுதும் கடிதம்தான் நம் ஓலை. அதில் உங்கள் ஊர், இதுவரை வெளியான கவிதைகள், இந்தத் தொகுப்பு எதைப் பற்றியது என்பனவற்றை ஐந்து வரிகளுக்குள் எழுதுங்கள். ‘உன்னதமான’, ‘தனித்துவமான’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, நன்றாக அமைந்த கவிதைகளில் மூன்றை மட்டும் இணையுங்கள். நம்மை அறியாதவர்களைச் சந்திக்கும் இடம் புத்தகக் காட்சி. சென்னையில் பொங்கலையொட்டி நடக்கும் காட்சிக்கு நூல் வர வேண்டுமானால், மெய்ப்புத் திருத்தத்தைத் தீபாவளிக்குள் முடித்துவிடுவது நல்லது. அரங்கில் நூலைக் கையிலெடுப்பவரிடம் விளக்கவுரை வேண்டாம். ஒரு குறுங்கவிதையை அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள். மூன்றாவதாகச் சொன்ன அவை நமக்கு மேடைதான். மேடை வாசிப்புக்கு ஐந்து கவிதைகளைத் தேர்ந்து, நேரம் பார்த்து வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். முன்னுரையாக நீளும் பேச்சு கவிதைக்குரிய கவனத்தைத் தின்றுவிடும். நான்காம் விலக்கை நான் பயன்படுத்துவதே இல்லை. மதிப்புரையில் தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்தி எழுதுவேன்.

சொந்தப் பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை சில. நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசமாகவே தரப்படுகிறது. அதற்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது கடமை. முதலில் நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றில் பதினைந்தை மதிப்புரைக்கென ஒதுக்குங்கள்.

நூலைத் தூக்கிக்கொண்டு அலைவதில் இழுக்கு ஏதும் இல்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் தந்த சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். பாரதியும் 1920இல் கடையத்திலிருந்து, தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களிடம் பொருளுதவி கேட்டு எழுதினார்.

எனினும் எல்லா அழைப்பையும் ஏற்க வேண்டியதில்லை. தன்னை நேரில் காணாமலே மன்னன் அதியமான் அனுப்பிய பரிசிலை, ‘வாணிகப் பரிசிலன் அல்லேன்’ (பரிசிலுக்காகப் பாடும் வணிகன் அல்லேன்) என்று சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் மறுத்த புறநானூற்றுப் பாடல் (208) இன்றும் துணை நிற்கும். நூலைப் பிரித்தே பார்க்காமல் பணம் பெற்றுக்கொண்டு விருது தருவதாக வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

விற்பனைக்கு ஆறு வாரங்களை ஒதுக்கி, அது முடியும் தேதியை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அந்த நாளில் மிஞ்சிய பிரதிகளை எண்ணிக் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து, கடைசியாக எழுதிய தேதிக்குக் கீழே அன்றைய தேதியை இடுங்கள்.