ஃபீட் ரீடரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள

திருவல்லிக்கேணியில் எங்கள் சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஃபீட் ரீடர் உண்டு; இணையதளங்கள் ஃபீடாக வெளியிடும் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் மென்பொருள் அது. அதைப் போட்டுக்கொடுப்பது என் வேலை. புதிதாகச் சேர்பவரிடம் முதலில் சொல்வது இதுதான்: ஃபீடில் வருவது வெறும் எழுத்து இல்லை, வெப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல். வடிகட்டாத ரீடரில் அதிலுள்ள ஸ்கிரிப்ட், அதாவது நிரல், தானாக ஓடிவிடும். ஸ்கிரிப்ட் டேக்கை மட்டும் நீக்கினால் போதாது. இல்லாத படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, ‘படம் வராவிட்டால் இதைச் செய்’ என்கிற ஆன்எரர் பகுதிக்குள்ளும் நிரலை ஒளித்து வைக்கலாம். எலக்ட்ரானில் (வெப் பக்க நிரலைக் கொண்டே கம்ப்யூட்டர் மென்பொருள் செய்ய உதவும் கருவி) செய்த ரீடர் என்றால் இன்னும் கவனம். அதைச் சரியாகக் கட்டமைக்காவிட்டால் அந்த நிரல் உங்கள் ஃபைல்களிலேயே கைவைக்கும். அப்டேட் வந்தால் அன்றைக்கே போடுங்கள். அப்டேட்டே வராத ரீடரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், வெளிப் படங்கள் தானாக இறங்குவதை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எப்போது திறந்தீர்கள், ஐபி முகவரி என்ன என்பதெல்லாம் அனுப்பியவருக்குப் போகக்கூடும்.

சந்தா கட்டிப் படிக்கும் ஃபீடின் முகவரியிலேயே பெரும்பாலும் உங்கள் ரகசியக் குறியீடு இருக்கும். உங்கள் ஃபீட் முகவரிகளின் பட்டியல் இருக்கும் ஓபிஎம்எல் ஃபைலை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அந்த வரிகளை அழித்துவிடுங்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பல மாதம் சும்மா கிடந்த ஃபீடில் திடீரென்று கடன் ஆப் விளம்பரம் வந்தால் அந்தத் தளத்தின் டொமைன் (இணையப் பெயர்) கைமாறியிருக்கலாம், உடனே நீக்குங்கள்.